கால் வளைவு: வைட்டமின் டி ஊசி போட்டும் நேராகல, பாஸ்பரஸ் "நார்மல்"னு ரிப்போர்ட். அடுத்து என்ன?

நிலாம்மா, பெரம்பூர் | ஞாயிறு இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணுக்கு மூணே கால் வயசு. நடக்க ஆரம்பிச்சதுல இருந்தே ரெண்டு காலும் வெளிப்பக்கமா வளைஞ்சிருக்கு. கணுக்காலைச் சேர்த்து வெச்சு நிக்கச் சொன்னா முட்டி ரெண்டுக்கும் நடுவுல என் நாலு விரல் தாராளமா போகும். ஆடி ஆடித்தான் நடப்பா, மாடிப்படி ஏறினா உடனே தூக்கச் சொல்லுவா.

வீட்டுப் பக்கத்துல ஒரு கிளினிக்ல கால்சியம் குறைவுன்னு சொல்லி முதல்ல வைட்டமின் டி சொட்டு மருந்து, அப்புறம் 6 லட்சம் யூனிட் ஊசி, கொஞ்ச நாள் கழிச்சு மறுபடியும் ஊசி. கால் அப்படியேதான் இருக்கு. இப்ப "எலும்பு டாக்டர்கிட்ட போங்க, ஆபரேஷன் பண்ணி நேராக்கிடுவாங்க"ன்னு கை கழுவிட்டாங்க.

போன வாரம் எடுத்த ரிப்போர்ட்:
கால்சியம் 9.4
பாஸ்பரஸ் 2.6 (இருக்க வேண்டிய அளவு 2.5 - 4.5)
ஏஎல்பி 812 (40 - 130), பக்கத்துல "அதிகம்"னு போட்டிருக்கு
வைட்டமின் டி 46
பிடிஹெச் 71 (15 - 65)
கிரியேட்டினின் 0.3

பாஸ்பரஸ், கால்சியம், வைட்டமின் எல்லாம் நார்மல்னா கால் ஏன் வளையுது? மாமியார் "உங்க வீட்டு வழியில யாருக்கோ இருந்திருக்கும்"னு தினமும் ஒரு தடவை சொல்லிடுறாங்க. யாராவது விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரெட்ஹில்ஸ் ராஜா | ஞாயிறு இரவு 11.05

மேடம், இதுக்குப் போய் ஆபரேஷனா? எங்க அக்கா பையனுக்கும் கால் இப்படித்தான் இருந்துச்சு. கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, தினமும் நல்லெண்ணெய் தேய்ச்சு காலை வெயில்ல அரை மணி நேரம். தானா நேராயிடுச்சு. அதுவும் முடியலன்னா புத்தூர் கட்டு போடுற இடத்துல ஒரு தடவை காட்டுங்க. தலைமுறை தலைமுறையா எலும்பு பாக்குறவங்க. டாக்டருங்க கத்தியை எடுக்கத்தான் பாப்பாங்க.

லேப் மணி, அயனாவரம் | திங்கள் காலை 6.20

நிலாம்மா, நான் லேப்ல வேலை பாக்குறவன். டாக்டர் இல்ல. ஆனா உங்க ரிப்போர்ட்ல ஒண்ணு கண்ணுல உறுத்துது. 2.5 - 4.5ங்கறது பெரியவங்களுக்கான அளவு. நிறைய இடத்துல சாஃப்ட்வேர்ல ஒரே அளவைப் போட்டு வெச்சிருப்பாங்க, வயசு மூணா முப்பதான்னு அது பாக்காது. மூணு வயசுக் குழந்தைக்கு பாஸ்பரஸ் 4க்கு மேல, 6 வரைக்கும்கூட இருக்கறது சகஜம். உங்க பொண்ணுக்கு 2.6ங்கறது நார்மல் இல்ல, நல்லாவே குறைவு.

ஏஎல்பிங்கறது எலும்புல நடக்குற வேலையைக் காட்டுற நொதி. அதுக்கு இதே கதை தலைகீழா நடக்கும். வளர்ற குழந்தைக்கு 300, 350 இருந்தாலும் பெரியவங்க அளவை வெச்சு "அதிகம்"னு அடிச்சிடும், பெத்தவங்க பயந்து ஓடி வருவாங்க. ஆனா உங்களுக்கு வந்திருக்கற 812 குழந்தைங்க அளவுக்கும் மேலதான். ரெண்டையும் சேத்து வெச்சு ஒரு குழந்தைகள் டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க.

எலும்புக்கூடு | திங்கள் காலை 7.50

மணி அண்ணன் கையில் ஒரு பூச்செண்டு. நான் எலும்பியல் மேற்படிப்பு மாணவன், இப்போது குழந்தைகள் பிரிவில் சுழற்சி. இங்கே எழுதுவதை வைத்து யாரும் மருந்து வாங்காதீர்கள், கேட்க வேண்டிய கேள்விகளுக்கு மட்டும் இது உதவும்.

முதலில் ராஜா அண்ணன் சொன்னதில் உள்ள உண்மை. குழந்தைகள் பிறக்கும்போதே கால் வெளிப்பக்கம் வளைந்துதான் இருக்கும். ஒன்றரை, இரண்டு வயதில் நேராகும். பிறகு மூன்று, நான்கு வயதில் எதிர்ப்பக்கம் போய் முட்டிகள் உரசும். ஏழு வயதுக்குள் பெரியவர்கள் கால் போல அமைந்துவிடும். உங்கள் அக்கா மகனுக்கு எண்ணெய் தேய்க்காமல் இருந்திருந்தாலும் நேராகியிருக்கும் என்றே நினைக்கிறேன். நிலா விஷயம் வேறு. மூன்றே கால் வயதில் முட்டிகள் உள்பக்கம் வந்திருக்க வேண்டிய நேரத்தில் இன்னும் வெளியே வளைந்து நிற்கிறது, இரண்டு காலிலும், ஏஎல்பி 800ஐத் தாண்டி. இது தானாகச் சரியாகும் வளைவு அல்ல.

கேழ்வரகிலும் தப்பில்லை. ரிக்கெட்ஸ் என்றால் வளரும் எலும்பு சரியாக இறுகாமல் வளைவது. கால்சியம் குறைவால், வெயில் படாததால் வரும் ரிக்கெட்ஸ் நம் ஊரில் நிறைய உண்டு. வெயில் கொளுத்தும் சென்னையிலேயே ஃபிளாட்டுக்குள் வளரும் குழந்தைகளுக்கு வருகிறது. அதனால் முதலில் வைட்டமின் டி கொடுத்துப் பார்த்ததைக் குறை சொல்ல மாட்டேன். சாதாரண ரிக்கெட்ஸ் என்றால் சில வாரங்களிலேயே எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிந்துவிடும், ஏஎல்பி இறங்கும். இறங்காதபோது இன்னொரு 6 லட்சம் ஏற்றுவதுதான் கோபம் வரவைக்கிறது. மீறிப்போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், சிறுநீரகத்தில் படியும்.

இப்போது எலும்புக்குள் நடப்பது. முட்டி, மணிக்கட்டு இவற்றின் ஓரத்தில் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்பு அடுக்கு இருக்கிறது. அதிலுள்ள செல்கள் பெருகி, பருத்து, கடைசியில் தாமாகவே செத்து வழிவிட்டால்தான் அந்த இடத்தில் எலும்பு படியும். பருத்த செல்லுக்கு "நீ சாகலாம்" என்ற சைகை பாஸ்பேட் (ரிப்போர்ட்டில் பாஸ்பரஸ் என்று அளப்பது இதைத்தான்). பாஸ்பேட் குறைந்தால் செல்கள் சாகாமல் குவிகின்றன, தட்டு அகலமாகிறது, ஓரம் குழிந்து பிசிறு அடிக்கிறது. எக்ஸ்ரேயில் நாங்கள் தேடுவது அதைத்தான். கால்சியம் குறைவால் வரும் ரிக்கெட்ஸும் கடைசியில் இதே வாசலுக்குத்தான் வந்து சேரும்: கால்சியம் குறைய, பிடிஹெச் என்ற கழுத்துச் சுரப்பி ஹார்மோன் ஏற, அது பாஸ்பேட்டைச் சிறுநீரில் தள்ளிவிடும். ஆக எந்த ரிக்கெட்ஸ் ஆனாலும் வளர்ச்சித் தட்டு பட்டினி கிடப்பது பாஸ்பேட்டுக்கு.

நிலாவுக்குக் கால்சியம் சரி, வைட்டமின் டி சரி, பிடிஹெச் ஒரு துளிதான் மேலே. பாஸ்பேட் மட்டும் கீழே. அது எங்கே போகிறது என்பதே கேள்வி. பெரும்பாலும் சிறுநீரில். அதற்குச் செய்ய வேண்டியது பெரிய செலவில்லாத ஒரு சோதனை: காலையில், ஒரே நேரத்தில் எடுத்த ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ், கிரியேட்டினின். கூடவே பைகார்பனேட், சிறுநீரில் சர்க்கரை. சிறுநீரகக் குழாய் அமிலத் தேக்கமும் இதே மாதிரி காலை வளைக்கும், நம் நாட்டில் அது அரிதும் இல்லை, அதன் மருந்து முற்றிலும் வேறு.

இரண்டு கேள்வி. ஒன்று, பல்லில் சொத்தை இல்லாமலே ஈறில் சீழ்க்கட்டி வந்திருக்கிறதா? இரண்டு, உங்கள் கணவரும் அவர் வீட்டாரும் என்ன உயரம்? உங்கள் வீட்டைப் பற்றிப் பிறகு கேட்கிறேன்.

ரெட்ஹில்ஸ் ராஜா | திங்கள் காலை 9.15

சரி தம்பி, படிச்சவரு சொல்றீங்க. ஆனா கட்டு போடுறவங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லாம நழுவிட்டீங்களே. எனக்கே சின்ன வயசுல கை உடைஞ்சப்ப முட்டையும் பச்சிலையும் வெச்சு மூங்கில் பத்தை கட்டினாங்க. இன்னைக்கும் கை ஸ்ட்ராங்கா இருக்கு.

தாரா அப்பா, பல்லாவரம் | திங்கள் மதியம் 1.30

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்றேன், எனக்குத்தான் அந்த உரிமை இருக்கு.

என் பொண்ணு தாராவுக்கு ஆஸ்டியோஜெனசிஸ் இம்பெர்ஃபெக்டா, எலும்பு சட்டுன்னு உடையற பிறவி நோய். வாய்ல நுழையாது, ஓஐன்னு சொல்லுவோம். கண்ணோட வெள்ளை முழி லேசா நீலம் அடிக்கும். முதல் எலும்பு முறிவு, சட்டை போடும்போது. தொடை. அன்னைக்கு ராத்திரி ஒரு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுல இருந்தவர் என்னையும் என் மனைவியையும் தனித்தனியா கூப்பிட்டு "குழந்தையை அடிச்சீங்களா"ன்னு கேட்டார். கேட்கறது அவர் கடமைதான், ஒத்துக்கறேன். ஆனா கண்ணைப் பாத்திருந்தா வேற கேள்வி கேட்டிருப்பார்.

ரெண்டாவது முறிவுக்கு ஊர்ல பெரியவங்க பேச்சைக் கேட்டு கட்டு போடுற இடத்துக்குப் போனோம். இறுக்கிக் கட்டினாங்க. கால் ஒட்டிச்சு, பொய் சொல்லல. வளைஞ்சு ஒட்டிச்சு. கட்டைப் பிரிச்சு கொஞ்ச நாள்ல அதே வளைவுல மறுபடியும் உடைஞ்சுது.

ராஜா சார், உங்க கை ஒட்டினதுக்குக் காரணம் உங்க எலும்பு. பச்சிலைக்கு அதுல பெரிய பங்கு இருக்கற மாதிரி எனக்குத் தோணல.

எலும்புக்கூடு | திங்கள் மாலை 4.10

தாரா அப்பா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். குழந்தை எலும்பைச் சுற்றியுள்ள சவ்வு தடிமனானது, ரத்தம் நிறைந்தது. பாதி முறிந்து பாதி வளையும் முறிவுகள் சகஜம். யார் கட்டினாலும் ஒட்டும், சற்றுக் கோணலாக ஒட்டினாலும் வளர வளர நேராகும். கட்டு வைத்தியத்தின் பெயரைக் காப்பாற்றுவது இந்தச் சவ்வுதான். இதே கட்டு முழங்கைக்கு மேல் உடைந்த கையில் இறுகினால் ரத்த ஓட்டம் நின்று விரல்கள் மடங்கிப்போகும். அப்படிப் போன கையை நாங்கள் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஓஐ குழந்தைக்கு இன்னொரு சிக்கல். அசையாமல் கிடந்தாலே எலும்பு கரையும். முறிவு, நீண்ட கட்டு, எலும்பு மெலிவு, அடுத்த முறிவு என்று சுழலும். அதனால் மாவுக்கட்டு போட்டாலும் எவ்வளவு சீக்கிரம் எடுக்கலாம் என்றுதான் பார்ப்போம்.

சாந்தி, பிசியோ | திங்கள் மாலை 5.00

ஓஐ பிள்ளைங்களைத் தண்ணிக்குள்ள நடக்க விடுறது எங்களுக்குக் கைகொடுக்கும். எடை தாங்காம தசை வேலை செய்யும். "உடைஞ்சிடும், உக்காத்தி வை"ன்னு வளர்த்த பிள்ளைங்கதான் என்கிட்ட ரொம்ப மோசமா வருதுங்க. கைக்குழந்தையா இருந்தா டயப்பர் மாத்த கணுக்காலைப் பிடிச்சுத் தூக்கவே கூடாது, இடுப்புக்கு அடியில கையை விட்டுத் தூக்குங்க. அக்குள்ல பிடிச்சும் தூக்காதீங்க.

காயத்ரி, வேளச்சேரி | திங்கள் இரவு 8.25

தாரா அப்பா, தவறா நினைக்காதீங்க. ஓஐக்குக் கால்சியம் கூடுதலா கொடுத்தா எலும்பு பலமாகாதா? என் தங்கை குழந்தைக்கும் சந்தேகமா இருக்காம்.

கீர்த்தி, மரபணு ஆலோசகர் | திங்கள் இரவு 10.15

காயத்ரி, இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

எலும்பில் சுண்ணாம்புச் சத்து ஒரு பாதி என்றால், அதைப் பிடித்து வைத்திருக்கும் நார் இன்னொரு பாதி. அந்த நார் முதல் வகைக் கொலாஜன். மூன்று இழைகள் சேர்ந்து மூன்று கால் சடையாக முறுக்கியது. இரண்டு இழைக்கு 17வது குரோமோசோமில் உள்ள சிஓஎல்1ஏ1, மூன்றாவதுக்கு 7வது குரோமோசோமில் உள்ள சிஓஎல்1ஏ2. ஒவ்வொரு இழையிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் இருக்க வேண்டும். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது, சடையின் நடுவில் அதற்கு மட்டும்தான் இடம். அங்கே வேறு ஏதாவது வந்து உட்கார்ந்தால் பின்னல் அந்த இடத்தில் முண்டும்.

இதில் ஒரு விந்தை. சிஓஎல்1ஏ1 மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று முழுசாக ஊமையாகிவிட்டால் பாதிக் கொலாஜன்தான் வரும், ஆனால் வருவது நல்ல கொலாஜன். நோய் லேசாக இருக்கும். அந்தப் பிரதி பேசிக்கொண்டே தப்பான இழையைக் கொடுத்தால் அது நல்ல இழைகளோடும் பின்னிக்கொண்டு எல்லாவற்றையும் கெடுக்கும். கடுமையான வகைகள் பெரும்பாலும் இப்படி வருபவை. 1979ல் ஆஸ்திரேலியாவின் டேவிட் சைலன்ஸ் நான்கு வகையாகப் பிரித்தது நோயின் தோற்றத்தை வைத்து. மரபணுக்கள் பின்னால் வந்து சேர்ந்தன, இன்று பட்டியல் நீண்டுவிட்டது.

கால்சியம் தேவையான அளவு வேண்டும், அதற்கு மேல் கொடுத்து நாரைச் சரிசெய்ய முடியாது. அடர்த்தி வேறு, பலம் வேறு. ஆஸ்டியோபெட்ரோசிஸ் என்று ஒன்று இருக்கிறது. எலும்பைத் தின்று புதுப்பிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் வேலை செய்யாது. எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளை வெளேரென்று, மஜ்ஜைக்கே இடமில்லாமல் இருக்கும். அந்த எலும்பும் உடையும். ஆஸ்டியோகிளாஸ்ட் ரத்த வழி வரும் செல் என்பதால் கடுமையான வகைக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை கைகொடுக்கிறது. எலும்பு நோய்க்கு ரத்த டாக்டர் என்று கேட்டால் வீட்டில் நம்ப மாட்டார்கள்.

தாரா அப்பா | திங்கள் இரவு 10.50

தாராவுக்கு ஓடிட்டு இருக்கறது ஜோலெட்ரோனிக் ஆசிட். எலும்பைத் தின்கிற செல்லை அடக்கி வைக்கிற மருந்து. முதல் ஏத்தத்துல காய்ச்சல் வரும், உடம்பு வலிக்கும், முன்னாடியே சொல்லித்தான் போடுவாங்க. முன்கூட்டியே வைட்டமின் டி, கால்சியம் சரியா இருக்கான்னு பாப்பாங்க, இல்லன்னா ரத்தத்துல கால்சியம் சடார்னு இறங்கிடும். ஒவ்வொரு ஏத்தத்துக்கும் எலும்பு ஓரத்துல ஒரு வெள்ளைக் கோடு விழும். தாராவோட முட்டி எக்ஸ்ரேயை வெளிச்சத்துல பிடிச்சா கோடு கோடா தெரியும்.

பெரிசா மாறினது முதுகு. நசுங்கின முதுகெலும்பு உயரம் ஏறிச்சு, வலி குறைஞ்சுது. முறிவு நிக்கல. குறைஞ்சுது, அவ்வளவுதான்.

தொடையில கம்பி. வளைஞ்ச எலும்பைத் துண்டு துண்டா வெட்டி கம்பியில கோத்து நேராக்குற முறை 1950களிலேயே வந்துடுச்சாம். சாதாரண ரஷ் கம்பி விலை குறைவு, ஆனா எலும்பு வளரும், கம்பி வளராது. கம்பி முடியற இடத்துக்குக் கீழ மறுபடி வளையும், உடையும். மான்ட்ரியல்ல ஃபாசியே, டுவால்னு ரெண்டு பேர் உருவாக்கின கம்பி உள்ளுக்குள்ளயே நீளும். விலைதான் கழுத்தைப் பிடிக்கும். 2021 தேசிய அரிய நோய்க் கொள்கையில ஓஐக்கு ஜோலெட்ரோனிக் ஆசிட் வகை மருந்து சேர்ந்திருக்கு, உதவி 50 லட்சம் வரைக்கும்னு பின்னாடி உயர்த்தினாங்க. நம்ம ஊர்ல அதுக்கான மையம் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி. காயத்ரி, உங்க தங்கையை நேரா அங்க போகச் சொல்லுங்க.

மட்டுறுத்துநர் | செவ்வாய் காலை 8.00

ஓஐ பற்றித் தனி இழை தொடங்கலாமே. இது நிலாவின் இழை. மருந்தின் அளவை யாரும் இங்கே எழுத வேண்டாம்.

நிலாம்மா | செவ்வாய் இரவு 9.30

நேத்து ராத்திரி எல்லாத்தையும் படிச்சேன், தூக்கம் போச்சு.

எலும்புக்கூடு தம்பி, நீங்க கேட்டதுக்குப் பதில். நிலாவோட மேல் முன்பல்லுக்கு மேல ஒரு கொப்புளம் ரெண்டு மாசம் முன்னாடி வந்துச்சு. பல் டாக்டர் "சொத்தையே இல்லையே"ன்னு ஆச்சரியப்பட்டார். என் வீட்டுக்காரர் 5 அடி 1 அங்குலம். அவருக்கும் கால் கொஞ்சம் வளைவுதான், கிண்டலா "கவுண்டர்ல நின்னு நின்னு"ம்பார். அவருக்கும் பல் பிரச்சினை, இப்பவே ரூட் கெனால் நாலு. மாமியார் 4 அடி 7. அவங்களுக்கும் கால் வளைவு, இடுப்பு வலின்னு தைலம் தேய்ச்சுக்கிட்டே இருப்பாங்க. பெரிய பையனுக்கு ஆறு வயசு, அவனுக்குக் கால் நேரா, கோலி மாதிரி ஓடுறான். அதனாலதான் இது பரம்பரைன்னு எனக்குத் தோணவே இல்ல. பையனுக்கு வராம பொண்ணுக்கு மட்டும் எப்படி வரும்?

கீர்த்தி | செவ்வாய் இரவு 10.05

நிலாம்மா, பையனுக்கு வராததுதான் இங்கே பெரிய தடயம்.

எக்ஸ் இணைந்த ஹைப்போபாஸ்பட்டீமியா, அதாவது எக்ஸ் குரோமோசோம் வழி வரும் ரத்தப் பாஸ்பேட் குறைவு, என்று ஒரு நோய். எக்ஸ்எல்ஹெச் என்பார்கள். காரணம் எக்ஸ் குரோமோசோமில் உள்ள பெக்ஸ் என்ற மரபணு, 1995ல் கண்டுபிடித்தது. அப்பா மகனுக்குக் கொடுப்பது ஒய், மகளுக்குக் கொடுப்பது எக்ஸ். அப்பாவிடம் இருப்பது ஒரே எக்ஸ். ஆகவே பாதிக்கப்பட்ட அப்பாவின் மகள்கள் எல்லோருக்கும் வரும், மகன் ஒருவருக்கும் வராது. அம்மா வழி வந்தால் மகனானாலும் மகளானாலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பாட்டிக்கு, அவர் மகனுக்கு, அவர் மகளுக்கு: நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இந்த வழிதான். சோதனை முடிவு வரும்வரை இது ஊகம் மட்டுமே.

ஒரு வேண்டுகோள். இதைக் கொண்டுபோய் மாமியாரிடம் கணக்குத் தீர்க்க வேண்டாம். அவருக்கும் இது அவர் கேட்டு வாங்கியது இல்லை, வாழ்நாள் முழுக்க வலியோடு நடந்திருக்கிறார்.

ரெட்ஹில்ஸ் ராஜா | செவ்வாய் இரவு 10.40

சொந்தத்துல கட்டினாங்களா மேடம்? அதனாலதான் இதெல்லாம் வருதுன்னு சொல்லுவாங்களே.

கீர்த்தி | செவ்வாய் இரவு 11.00

எல்லாவற்றையும் அதன் தலையில் கட்ட முடியாது, ராஜா சார். அம்மாவிடமும் அப்பாவிடமும் ஒரே பிழை ஒளிந்திருந்து இரண்டும் குழந்தையிடம் சேர்ந்தால் வரும் நோய்களுக்கு மாமன் மகள், அக்கா மகள் திருமணம் வாய்ப்பைக் கூட்டும். ஆஸ்டியோபெட்ரோசிஸின் கடுமையான வகை அப்படி, ஓஐயில் அரிய சில வகைகள் அப்படி, எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும் மார்கியோ நோயும் அப்படி. எக்ஸ்எல்ஹெச்சுக்கு ஒரு பிழை போதும், சொந்தம் அந்நியம் என்ற பேச்சே இல்லை. கை கால் குட்டையாக இருக்கும் அகாண்ட்ரோபிளேசியாவில் பத்தில் எட்டுக் குழந்தைகளுக்குப் பெற்றோர் இருவரும் சாதாரண உயரம்தான். எஃப்ஜிஎஃப்ஆர்3 மரபணுவில் புதிதாக விழுந்த ஒரே எழுத்துப் பிழை.

நிலாம்மா | செவ்வாய் இரவு 11.20

எங்களுது சொந்தம் இல்ல, லவ் மேரேஜ். அதுக்கும் சேத்துத்தான் பேச்சு வாங்குறேன் 😀

---

நிலாம்மா | மறு வாரம் வெள்ளி இரவு 8.45

எழும்பூர் போயிட்டு வந்தோம். காலையில டோக்கன் எடுத்து எல்லாம் முடிய மதியம் ஆச்சு, ஆனா பாத்த டாக்டர் பொறுமையா கேட்டாங்க. கை எக்ஸ்ரே, கால் எக்ஸ்ரே. வளர்ச்சித் தட்டு அகலமா, ஓரம் பிசிறா இருக்குன்னு காட்டினாங்க. பைகார்பனேட் சரி, சிறுநீர்ல சர்க்கரை இல்ல.

ரத்த பாஸ்பரஸ் 2.5, ரத்த கிரியேட்டினின் 0.3
சிறுநீர் பாஸ்பரஸ் 52, சிறுநீர் கிரியேட்டினின் 30

"டிஆர்பி குறைவு"ன்னு எழுதியிருக்காங்க. அது என்னன்னு கேக்கறதுக்குள்ள அடுத்த டோக்கன் கூப்பிட்டுட்டாங்க.

எலும்புக்கூடு | வெள்ளி இரவு 9.40

சிறுநீரகம் வடிகட்டிய பாஸ்பேட்டில் எத்தனை சதவீதத்தைத் திரும்ப உறிஞ்சுகிறது என்பதுதான் டிஆர்பி. கணக்கு எளிது. சிறுநீர் பாஸ்பரஸை ரத்த கிரியேட்டினினால் பெருக்குங்கள்: 52 × 0.3 = 15.6. ரத்த பாஸ்பரஸை சிறுநீர் கிரியேட்டினினால் பெருக்குங்கள்: 2.5 × 30 = 75. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.21. ஒன்றிலிருந்து கழித்தால் 0.79.

அதாவது 79 சதவீதம் திரும்புகிறது, 21 சதவீதம் கழிவறைக்குப் போகிறது. சாதாரணமாகவே 85க்கு மேல் இருக்க வேண்டும். ரத்தத்தில் பாஸ்பேட் இவ்வளவு குறைந்திருக்கும்போது ஒழுங்கான சிறுநீரகம் ஒரு சொட்டுக்கூட விடாமல் பிடித்து வைக்கும். 0.79ஐ 2.5ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 2 வருகிறது. சிறுநீரகம் பாஸ்பேட்டை இந்த அளவுக்கு மேல் ரத்தத்தில் நிற்க விடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் அது 4ஐ ஒட்டியோ மேலேயோ இருக்க வேண்டும்.

சிறுநீரகத்தின் மேல் தப்பில்லை. அதற்கு உத்தரவு எலும்பிலிருந்து வருகிறது. எலும்புக்குள் புதைந்திருக்கும் ஆஸ்டியோசைட் செல்கள் எஃப்ஜிஎஃப்-23 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது சிறுநீரகத்திடம் பாஸ்பேட்டை வெளியே விடச் சொல்லும், வைட்டமின் டி வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதையும் தடுக்கும். பெக்ஸ் மரபணு கெட்டால் இந்த ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. எலும்புதான் தன் சோற்றில் தானே மண் போட்டுக்கொள்கிறது. உங்கள் 6 லட்சம் ஊசி ஏன் எடுபடவில்லை என்பது இப்போது புரியும்: சாதாரண வைட்டமின் டியை மாற்றிக் கொடுக்க வேண்டிய இடத்திலேயே தடை.

என்ன மருந்து எழுதினார்கள்?

நிலாம்மா | வெள்ளி இரவு 10.10

பாஸ்பேட் கரைசல் ஒண்ணு, ஜூலி சொல்யூஷன்னு பேரு. ஒரு நாளைக்கு அஞ்சு வேளை. அப்புறம் கால்சிட்ரியால். வாயில வெச்ச உடனே துப்புறா. பால்ல கலந்து கொடுக்கலாமா? ஆபரேஷன் பத்திக் கேட்டேன், "இப்ப இல்ல"ன்னு மட்டும் சொன்னாங்க.

லேப் மணி | வெள்ளி இரவு 10.25

பால்ல வேண்டாம்மா. பாலோட கால்சியம் பாஸ்பேட்டைப் பிடிச்சுக்கும், ரெண்டும் உடம்புல சேராது. தண்ணியோ, ஜூஸோ.

எலும்புக்கூடு | வெள்ளி இரவு 11.00

ஐந்து வேளை என்பதைக் குறைக்காதீர்கள். கொடுத்த பாஸ்பேட் சில மணி நேரத்தில் சிறுநீரில் போய்விடும், அதனால்தான் பிரித்துப் பிரித்து. மொத்தமாக ஒரே வேளையில் கொடுத்தால் வயிற்றுப்போக்குதான் மிச்சம். கால்சிட்ரியால் என்பது ஏற்கெனவே வேலை செய்யும் வடிவத்துக்கு மாறிய வைட்டமின் டி. அதை விட்டுவிட்டுப் பாஸ்பேட்டை மட்டும் கொடுப்பதும் கூடாது, பிடிஹெச் ஏறும், அது இன்னும் பாஸ்பேட்டைத் தள்ளும். இரண்டும் சேர்ந்து ஓடும்போது சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியலாம். ஆகவே ரத்தம், சிறுநீர்க் கால்சியம், அவ்வப்போது சிறுநீரக ஸ்கேன். சொன்ன தேதியில் போய்விடுங்கள்.

எஃப்ஜிஎஃப்-23ஐயே பிடித்துக் கட்டும் புரோசுமாப் என்ற ஊசிக்கு 2018ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒன்று. 1 முதல் 12 வயது வரையிலான 61 குழந்தைகளிடம் நடந்த ஒப்பீட்டில் பாஸ்பேட் கரைசலைவிட அது ரிக்கெட்ஸை நன்றாக ஆற்றியது, 2019ல் வெளிவந்தது. விலை நம் போன்றவர்கள் யோசிக்கிற அளவில் இல்லை. மையத்தில் கேட்டு வையுங்கள், கரைசல் இன்றே தொடரட்டும்.

அறுவை "இப்போது இல்லை" என்றது மிகச் சரி, எங்கள் துறைக்காரன் நானே சொல்கிறேன். பசித்த எலும்பை வெட்டி நேராக்கினால் அது மெதுவாக ஒட்டும், மறுபடி வளையும். குறைந்தது ஒரு வருடம் மருந்து ஓடட்டும். இந்த வயதில் பல குழந்தைகளுக்கு அதிலேயே வளைவு கணிசமாகக் குறைகிறது. மிஞ்சினால் எட்டு வடிவச் சின்னத் தகடு ஒன்று இருக்கிறது, 2007ல் ஸ்டீவன்ஸ் எழுதிய முறை. முட்டிக்கு வெளிப்பக்கம் வளர்ச்சித் தட்டின் மேலும் கீழும் ஒவ்வொரு திருகு. அந்தப் பக்கம் வளர்ச்சி தயங்கும், உள்பக்கம் வளர்ந்து கால் தானே நேராகும். எலும்பை வெட்டுவதே இல்லை, நேரானதும் கழற்றிவிடலாம். ஆனால் அது வளர்ச்சியை வைத்துத்தான் வேலை செய்யும், வளர்ச்சி வேண்டுமென்றால் பாஸ்பேட் வேண்டும்.

சாந்தி, பிசியோ | சனி காலை 7.30

காலை நேராக்குற ஷூ, பட்டைன்னு யாராவது விக்க வந்தா வாங்காதீங்க நிலாம்மா. அந்தக் காசுக்கு ஒரு பல் டாக்டரை நிரந்தரமா பிடிச்சு வெச்சுக்கோங்க. இவங்க பல்லோட உள் அடுக்கு சரியா இறுகியிருக்காது, எனாமல் தேய்ஞ்சா கிருமி நேரா உள்ள போயிடும்.

நிலாம்மா | சனி மதியம் 2.15

வீட்டுக்காரருக்கும் ரத்தம், சிறுநீர் கொடுத்தாச்சு. மரபணு டெஸ்ட் எடுக்கணுமா? மாமியாரையும் கூட்டிட்டுப் போலாமா, இந்த வயசுல என்ன பண்ணப் போறாங்கன்னு அவங்களே கேக்குறாங்க.

கீர்த்தி | சனி மாலை 6.40

மருந்தைத் தொடங்க மரபணுச் சோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம். எடுத்தால் நிலாவுக்கு முதலில் எடுங்கள். பிழை எதுவென்று தெரிந்துவிட்டால் மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவு குறையும். உங்கள் கணவருக்குத் தங்கைகள் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள், அவர்கள் குழந்தைகளுக்கு முதல் வயதிலேயே ஒரு பாஸ்பரஸ் பார்த்துவிட்டால் கால் வளையும் முன்பே மருந்து தொடங்கலாம்.

எலும்புக்கூடு | சனி இரவு 9.20

மாமியாரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். எக்ஸ்எல்ஹெச் பெரியவர்களுக்குத் தசைநாண் எலும்பில் ஒட்டும் இடங்களில் சுண்ணாம்பு வளரும், மூட்டு சீக்கிரம் தேயும். தொடை எலும்பில் முழுதாக உடையாத மயிரிழை விரிசல் விழும். அவர் இடுப்பு வலி என்று தைலம் தேய்ப்பது அதுவாகக்கூட இருக்கலாம், இருந்தால் மருந்தால் ஆறும். இரண்டு தொடையும் முழுசாகத் தெரிகிற மாதிரி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், இடுப்பை மட்டும் எடுத்து அனுப்பிவிடப் போகிறார்கள்.